கெஸ்விக்கில் டென்ட் போட்டால் எந்த மலை: கேட்பெல்ஸா, வாலா கிராகா?

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட்டில், கெஸ்விக் ஊரை ஒட்டி டென்ட் போட்டுத் தங்குகிறவர்கள் அரைநாள் நடைக்கு யோசிப்பது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான். டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கு மேற்கே கேட்பெல்ஸ், 451 மீட்டர். கிழக்கே வாலா கிராக், 379 மீட்டர். அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போன நாங்கள் வாலா கிராக்கைத்தான் எடுத்தோம், இன்னொரு முறை போனாலும் அதைத்தான் எடுப்பேன்.

காட்சி என்று பார்த்தால் கேட்பெல்ஸுக்குத்தான் முதலிடம், அதில் பேச்சே இல்லை. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் நியூலண்ட்ஸ் பள்ளத்தாக்கு, நடுவே முதுகெலும்பு மாதிரி நீளும் மேட்டில் நடை. ஆனால் இரண்டு இடங்களில் கையை ஊன்றிப் பாறையில் ஏற வேண்டும், அதுவும் எத்தனையோ பேர் மிதித்து மிதித்து வழவழப்பான பாறை. ஏறிவிடலாம், மழை பெய்த பிறகு இறங்குவதுதான் பாடு.

இருந்தாலும் நான் முடிவெடுத்தது வானிலையை வைத்துத்தான். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் சீத்வெயிட் இங்கிலாந்திலேயே அதிகம் மழை பெய்யும் ஊர்களில் ஒன்று. ஆகஸ்ட் மாதத்திலும் காலையில் கூடாரத்துணியில் மழை தட்டிக்கொண்டே இருக்கும், பதினொரு மணிக்குத் திடீரென்று வெளுக்கும், அந்த மூன்று நான்கு மணி நேரம்தான் நமக்குக் கிடைப்பது. அப்போது போய் கேட்பெல்ஸ் என்றால் அடிவாரத்தில் கார் நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. படகில் ஹாஸ் எண்ட் துறைக்குப் போகலாம், அருமையான பயணம்தான், ஆனால் போகும்போதும் படகு நேரம், திரும்பும்போதும் படகு நேரம், கடைசிப் படகை விட்டால் ஏரியைச் சுற்றி நடை. வாலா கிராக்குக்கு அந்தக் கவலையே கிடையாது. மழை விட்டதும் ஃபிளாஸ்கில் டீயை ஊற்றிக்கொண்டு டென்ட்டிலிருந்தே நடக்கலாம். ஸ்பிரிங்ஸ் ரோடு, ஓடையோரக் காடு, ரேக்ஃபுட் பண்ணை, அப்புறம் கல்சுவரை ஒட்டிய புல்வெளி ஏற்றம். மேகம் திரண்டால் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம், யாருக்கும் காத்திருக்க வேண்டாம்.

உச்சிக்குப் பக்கத்தில் மட்டும் கவனம். சுவருக்கு அந்தப் பக்கம் செல்லும் பாதை செங்குத்துச் சரிவின் விளிம்பை ஒட்டியது, பிள்ளைகள் கையை விடாதீர்கள். இறங்கும்போது கிரேட் வுட் வழியாக ஏரிக்கரைக்கு வந்தால் கால்ஃப்குளோஸ் விரிகுடாவில் இரண்டாகப் பிளந்து உட்புறம் செதுக்கிய பெரிய கல் இருக்கிறது. இயற்கை, பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் நூற்றாண்டுக்காக 1995-இல் வைத்தது, ஏரி நிறைந்திருந்தால் அதன் அடியை நீர் நனைத்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் உச்சியைவிட அங்கேதான் அதிக நேரம் நின்றார்கள். சுற்று முழுக்க எட்டு ஒன்பது கிலோமீட்டர் வரும்.

நான் சொல்வதெல்லாம் கோடைக்கு மட்டும், பனிக்காலத்தில் இரண்டிலும் நான் ஏறியதில்லை. பெரியவர்கள் மட்டும் போகிறீர்கள், முதல்நாளே வானிலை அறிக்கை நாள் முழுக்க மழை இல்லை என்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், முதல் படகைப் பிடித்துக் கேட்பெல்ஸ் ஏறுங்கள். வந்த வழியே பாறையில் இறங்காமல் உச்சிக்குத் தெற்கே ஹாஸ் கேட் கணவாய்ப் பக்கம் இறங்கி பிராண்டில்ஹௌ துறையில் படகு ஏறிக்கொள்ளலாம்.