வீட்டு எரிபொருள் கார்பன் கணக்கு ஆப்: இப்போதைக்கு மூணு ஸ்டார்

வண்டிக்கு அடிக்கிற பெட்ரோல், காருக்கு டீசல், அடுப்புக்கு கேஸ், எல்லாம் சேர்ந்து நம் வீட்டிலிருந்து மாதம் எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு போகிறது என்று கணக்குப் போடுகிற ஆப் இது. நாகர்கோவிலில் எங்கள் வீட்டுக் கணக்கைக் கொஞ்ச நாளாக இதில்தான் எழுதி வருகிறேன். கேஸ் பகுதி அருமை, வண்டிப் பகுதி சொதப்பல்.

கேஸுக்கு சிலிண்டர் மாற்றிய தேதியை மட்டும் போட்டால் போதும். 14.2 கிலோ கேஸ், கிலோவுக்கு ஏறக்குறைய 3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக ஒரு சிலிண்டருக்கு சுமார் 42 கிலோ என்று அதுவே போட்டு, அடுத்த சிலிண்டர் மாற்றும்போது நாள் கணக்கில் பிரித்தும் காட்டிவிடும். எங்கள் வீட்டில் சம்பா அரிசி வேக நேரமாகும் என்பதால் சோறு மட்டும் விறகடுப்பில், கொதும்பும் சிரட்டையும் போட்டு. அதைச் சேர்க்க ஆப்பில் இடமில்லை. சரி, பெட்ரோலியக் கணக்குதானே, அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

வண்டிப் பகுதிக்கு வந்தால், எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீர்கள், என்ன மாதிரி வண்டி என்று கேட்டு அதுவே ஒரு மைலேஜை வைத்துக்கொள்கிறது. மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்ந்து போகிற காரும், ஆரல்வாய்மொழி தாண்டி நேர் ரோட்டில் போகிற காரும், பேச்சிப்பாறைக்கு ஏறுகிற காரும் ஒரே மைலேஜா கொடுக்கும்? பம்பில் எத்தனை லிட்டர் போட்டோம் என்பது பில்லிலேயே இருக்கிறதே, அதை வாங்கிக்கொண்டு பெட்ரோலுக்கு 2.3, டீசலுக்கு சுமார் 2.7 கிலோ என்று பெருக்கினால் வேலை முடிந்தது. லிட்டர் போடும் கட்டம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் செட்டிங்ஸில் நாலு பக்கம் உள்ளே போய்த் தேட வேண்டும், முதலில் கேலன் என்று வேறு இருக்கும், அதையும் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டால் அப்புறம் தொல்லை இல்லை. அப்படிப் போட்டுப் பார்த்ததில்தான் எனக்கு உறைத்தது: டீசல் காரில் ஒரு தடவை திருவனந்தபுரம் போய்வந்தால் எட்டு லிட்டர் ஆகிறது, அதுவே 21 கிலோ, அதாவது அரை சிலிண்டர் கேஸ் எரித்ததற்குச் சமம். வீட்டில் எல்லோரும் கேஸை மிச்சம் பிடிக்கத்தான் பேசுவோம்.

ஆப்பைக் காட்டியதும் என் மச்சான் கேட்ட கேள்வி நியாயமானது: ஒரு லிட்டர் பெட்ரோலே முக்கால் கிலோதான், அதிலிருந்து 2.3 கிலோ எப்படி வரும், ஆப் பொய் சொல்கிறதா? இல்லை. எரியும்போது பெட்ரோலில் இருக்கிற கார்பன் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது, 12 கிராம் கார்பனோடு 32 கிராம் ஆக்சிஜன் சேர்ந்து 44 கிராம் ஆகிறது, எடை கூடுவது அதனால்தான். இதை இரண்டு வரியில் ஆப்பிலேயே எழுதி வைத்திருந்தால் பாதிப் பேருக்கு சந்தேகம் தீர்ந்திருக்கும்.

அப்புறம் எத்தனால். இப்போது பம்பில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், ஆப்போ அதைச் சுத்தப் பெட்ரோலாகவே எண்ணுகிறது. எத்தனாலில் இருக்கும் கார்பன் கரும்போ சோளமோ காற்றிலிருந்து எடுத்ததுதான் என்று அந்தப் பங்கைக் கழித்துவிடுவது வழக்கம், அப்படிப் பார்த்தால் லிட்டருக்கு 1.8 கிலோவை ஒட்டித்தான் வரும். கரும்பு விளைவிக்கவும் டீசல் எரிகிறதே என்பது வேறு சண்டை, ஆனால் எந்தக் கணக்கு வேண்டும் என்று கேட்கவாவது செய்யலாம்.

குளச்சல், முட்டம் பக்கம் வள்ளம் வைத்திருப்பவர்களுக்கு இது உதவாது. அவுட்போர்டு எஞ்சினுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெயைச் சேர்க்க வழியே இல்லை, விளக்குக்கும் ஸ்டவ்வுக்கும் மட்டும்தான் கட்டம். லிட்டருக்கு 2.5 கிலோ என்று கையால் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மாதக் கடைசியில் 'மரம் நட்டு ஈடு செய்யுங்கள்' என்று பணம் கேட்டு ஒரு பக்கம் வரும், எங்கே நடுகிறார்கள், யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று ஒரு வரி கிடையாது, நான் மூடிவிடுவேன். லொகேஷன் அனுமதியும் எந்நேரமும் கேட்கும். கொடுக்காதீர்கள், லிட்டர் கணக்குக்கு அது தேவையே இல்லை, அணைத்து வைத்தாலும் ஆப் நன்றாகவே ஓடுகிறது.