‘திக்கு’வுக்கு வேர் தேட சிகாகோ அகராதித் தளம் எப்படி?

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (1924–36), வின்சுலோ அகராதி (1862), பரோ–எமனோ திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (2ஆம் பதிப்பு, 1984) மூன்றையும் சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. பேச்சு தடைபடுவதைக் குறிக்கும் சொற்களைத் தேடிப் பார்த்தால் தளத்தின் பலமும் குறையும் சீக்கிரமே தெரிந்துவிடும்.

லெக்சிகனில் ‘திக்கினான்’ என்று தேடிப் பயனில்லை. ‘திக்கு’ என்று பகுதியை மட்டும் கொடுக்க வேண்டும். திசையைக் குறிக்கும் திக்கு வடசொல். பேச்சு தடைபடும் திக்கு வேறு. அது ‘திக்கு-தல்’ என்று சிறுகோட்டோடு வரும் வினை. முதலில் கண்ணில் பட்டதைப் படித்துவிட்டு ‘திக்குவாய்’க்கு வடமொழி வேர் சொல்லிவிடுகிறார்கள். வந்த பதிவுகள் எல்லாவற்றையும் பாருங்கள்.

இந்தத் தளத்தின் அருமை தெரிவது ‘தெற்று’ என்ற சொல்லில்தான். பின்னுதல், இடறுதல், திக்கிப் பேசுதல் எல்லாம் அதன் பொருள்கள். ஒன்றோடொன்று சிக்கித் தடைபடுவது என்ற கருத்து அவற்றினூடே ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பேச்சுவழக்கின் ‘தெத்துவாய்’ இதிலிருந்து வந்தது. ற்ற என்பது த்த ஆகியிருக்கிறது. அதனால் பேச்சு வடிவம் சரியாக அகப்படாவிட்டால் எழுத்து வடிவத்தில் தேடுங்கள். குழறு, குளறு இரண்டையும் அப்படியே மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். தலைச்சொல்லை மட்டுமல்லாமல் விளக்கத்தையும் சேர்த்துத் தேடும் முழுப் பதிவுத் தேடலில் ‘ஸ்டாமர்’ (stammer) என்ற ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் ‘கொன்னை’ போன்ற, நாம் மறந்தே போன சொற்களும் வந்து நிற்கும்.

வேருக்கு லெக்சிகன் போதாது. பகர அடைப்புக்குள் [ ] தெலுங்கு, கன்னட, மலையாள இனச்சொற்களை, அதாவது ஒரே மூலத்திலிருந்து வந்த உறவுச் சொற்களை, சுருக்கமாகக் காட்டுவதோடு சரி. பரோ–எமனோவுக்குப் போக வேண்டும். அங்கே தலைச்சொற்கள் ரோமன் எழுத்தில் இருக்கின்றன. தமிழில் விக்கலைத் தரும் ‘விக்கு’, மலையாளத்தில் திக்கிப் பேசுவதைக் குறிப்பது போன்ற உறவுகளைத் தொடர அதுவே நல்ல வழி. ஆனால் அதுவும் இனச்சொற்களைத் தொகுத்துத்தான் தரும், மூல வடிவத்தை மீட்டுத் தராது.

பெரிய குறை, இன்றைய வழக்கு இந்த மூன்று அகராதிகளிலும் இல்லை. ‘திக்குவாயன்’ என்பது இன்று மனிதரைப் புண்படுத்தும் சொல். எழுதுகிறவர்கள் ‘திக்குவாய் உள்ளவர்’, ‘பேச்சுத் திக்கல்’ என்று எழுதுவதே சரி. அதற்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி போன்ற ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.