விளையாடுற பிள்ளைக்கு டி.சி.: எமிஸ் பள்ளி மாற்றச் சேவை எப்படி?

டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) தருகிற சேவை என்று மட்டும் பார்த்தால், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸுக்கு ஐந்துக்கு நாலு தாராளமாகக் கொடுக்கலாம். விளையாடுகிற பிள்ளையைப் பள்ளி மாற்றுகிற சேவை என்று பார்த்தால் இரண்டரைக்கு மேல் போட மனசு வரவில்லை. டி.சி. ஒரு பக்கம், வயதுச் சான்று ஒரு பக்கம், போட்டிக்கான நுழைவுப் படிவம் இன்னொரு பக்கம் என்று கிடக்கிறது. மூன்றிலும் ஒரே விவரம் இருக்கிறதா என்று பார்ப்பது பெற்றோர் பாடாகிவிடுகிறது. பத்தாம் வகுப்பு முடித்துப் பதினொன்றுக்குப் பள்ளி மாறுகிற கபடி, ஹாக்கி, வாலிபால் பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

நடைமுறை எளிமையானது. பழைய பள்ளித் தலைமையாசிரியருக்குப் பெற்றோர் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். பள்ளியின் எமிஸ் லாகினில் விவரங்களைச் சரிபார்த்து டி.சி.யை உருவாக்கி, அச்செடுத்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தருவார்கள். அப்போது பிள்ளையின் பெயர் அந்தப் பள்ளிப் பட்டியலிலிருந்து கழன்று ‘காமன் பூல்’ என்கிற பொதுத் தொகுப்புக்குப் போகும். புதுப் பள்ளி எமிஸ் எண்ணைப் போட்டுத் தேடி, அங்கிருந்து தன் பட்டியலுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒரே நாளில் முடிகிற வேலை.

சிக்கல் இந்த இரண்டு கிளிக்குக்கு நடுவில்தான் வருகிறது. பழைய பள்ளி தாளில் டி.சி. கொடுத்துவிட்டு எமிஸில் விடுவிக்காமல் விட்டிருக்கும். அல்லது புதுப் பள்ளி அட்மிஷன் போட்டு, புத்தகமும் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, காமன் பூலிலிருந்து எடுக்க மறந்திருக்கும். படிப்புக்கு இது ஒரு மாதம் தாங்கும், விளையாட்டுக்குத் தாங்காது. பள்ளி விளையாட்டின் முதல் படியான குறுவட்டப் போட்டிக்குப் பெயர் அனுப்பும் வேலை பள்ளி திறந்த கொஞ்ச நாளிலேயே தொடங்கிவிடும். அன்றைக்கு எமிஸில் பெயர் இல்லாத பிள்ளையை உடற்கல்வி ஆசிரியர் எந்தக் கணக்கில் சேர்ப்பார்? ஆகவே, ‘சேர்த்தாச்சு’ என்ற வாய்வார்த்தையோடு அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, பெயர், வகுப்பு, பிரிவு, பிறந்த தேதி நான்கையும் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். கேரளாவில் படித்துவிட்டுச் செங்கோட்டை, தென்காசிப் பக்கம் வந்து சேருகிற பிள்ளைக்கு எமிஸ் எண்ணே இருக்காது. புதிதாக உருவாக்க வேண்டும் என்பதால் அவர்கள் இன்னும் முன்னாலேயே கிளம்புவது நல்லது.

அடுத்தது பிறந்த தேதி. பள்ளி மாற்றத்தால் போட்டியிலிருந்து வெளியேறுகிற பிள்ளைகளைவிட, மாற்றத்தின்போது தேதி முரண்பாடு வெளியே வந்து வெளியேறுகிறவர்களே அதிகம் என்று எந்த பி.இ.டி. (உடற்கல்வி) ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். பள்ளி விளையாட்டில் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவு. டிசம்பர் 31 அன்று அந்த வயது நிரம்பியிருக்கக் கூடாது. 2025-26க்குக் கணக்குப் போட்டால் 14 பிரிவுக்கு 1.1.2012 அன்றோ பிறகோ, 17 பிரிவுக்கு 1.1.2009, 19 பிரிவுக்கு 1.1.2007 அன்றோ பிறகோ பிறந்திருக்க வேண்டும். அடுத்த கல்வியாண்டுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு வருடம் கூட்டிக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வயது போதவில்லை என்று யாரோ தேதியை நாலு மாதம் முன்னால் தள்ளிப் போட்டிருப்பார்கள். அது அப்படியே டி.சி.யில் வரும். பிறப்புச் சான்றிதழில் வேறு தேதி, ஆதாரில் மூன்றாவதாக ஒன்று. உள்ளூர்ப் போட்டியில் யாரும் பார்க்கமாட்டார்கள். மாநில அளவுக்குப் போய் மூன்றையும் மேசையில் விரிக்கும்போதுதான் பூதம் கிளம்பும். பள்ளிப் பதிவேட்டில் பிறந்த தேதியைத் திருத்துவதென்றால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போகும் முன்பே செய்துவிட வேண்டும். மதிப்பெண் சான்றிதழில் அச்சான பிறகு அலைச்சல் பல மடங்கு.

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இல்லாமல், ‘ஆண்’ என்றோ ‘பெண்’ என்றோ மட்டும் இருப்பதும் கிராமப்புறத்தில் சகஜம். இதற்குக் காலக்கெடு உண்டு: பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 15 வருடத்துக்குள் பெயரைச் சேர்க்கலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த 15 முடிகிற நேரம் என்பதைக் கவனியுங்கள்.

இனி நுழைவுப் படிவம். ஒரு ஏ-4 தாள்தான். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, வகுப்பு, சேர்க்கை எண், சேர்ந்த நாள், எமிஸ் எண், இரண்டு அங்க அடையாளம், புகைப்படம். தலைமையாசிரியரின் முத்திரை பாதி படத்தின் மேலும் பாதி தாளின் மேலும் விழ வேண்டும். முழுக்கத் தாளில் விழுந்தால் படத்தை மாற்றி ஒட்டியதாகச் சந்தேகம் வரும், முழுக்கப் படத்தில் விழுந்தால் முகம் தெரியாது. அங்க அடையாளத்தைச் சும்மா இடம் நிரப்பும் வரி என்று நினைக்காதீர்கள். எதிரணி ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் நடுவர் குழு முதலில் பார்ப்பதே அதைத்தான். டி.சி.யில் ‘வலது முழங்கையில் மச்சம்’ என்றிருந்து, படிவத்தில் ‘இடது கன்னத்தில் மச்சம்’ என்று அவசரத்தில் எழுதியிருந்தால் ஒரு பிள்ளையால் மொத்த டீமும் வெளியேற வேண்டியதுதான். டி.சி.யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிவத்தை நிரப்பினாலே இந்த வில்லங்கம் வராது.

2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானதும் நெல்லைப் பக்கம் ஒரு கூடுதல் கணக்கு வந்து சேர்ந்தது. குறுவட்டம் தாண்டினால் வருவாய் மாவட்டம், அதன் பிறகு மாநிலம். தென்காசி மாவட்டத்து ஆலங்குளத்திலிருந்தோ சுரண்டையிலிருந்தோ நெல்லை மாவட்டத்துப் பாளையங்கோட்டைக்கு வந்து சேருகிற பிள்ளை பஸ்ஸில் ஒன்றிரண்டு மணி நேரம்தான் நகர்ந்திருக்கும். படிவத்தில் வருவாய் மாவட்டமே மாறிவிடும். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தால் மாறாது, அதுவும் நெல்லை மாவட்டம்தான். முந்தின வருடம் தென்காசி மாவட்ட அணியில் ஆடிய சான்றிதழ் செல்லாமல் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், அது அந்த வருடத்துக் கணக்கு. ஆனால் ஒரே கல்வியாண்டில் ஒரு பள்ளிக்குக் குறுவட்டம் ஆடிவிட்டு, அரைப் பரீட்சைக்கு முன்னால் இன்னொரு பள்ளிக்கு மாறி அங்கேயும் இறங்குவது வம்பை விலைக்கு வாங்குகிற வேலை. மாறுவதென்றால் மே, ஜூன்தான்.

டி.சி.யில் பள்ளியை விட்டு நீங்கும் காரணத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலும் ‘பெற்றோர் விருப்பம்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். உண்மையான காரணம் மெஸ், ஷூ, ட்ராக் சூட் எல்லாம் இலவசம் என்று ஒரு பெரிய பள்ளி கூப்பிட்டதாக இருக்கலாம். அதை யாரும் கேட்பதில்லை, தாள் சரியாக இருந்தால் போதும். அமெரிக்காவில் சில மாநிலங்களில் கணக்கு தலைகீழ். டெக்ஸாஸில் பள்ளிப் போட்டிகளை நடத்துகிற யு.ஐ.எல். அமைப்பின் விதிப்படி, பழைய பள்ளியில் விளையாடிய பிள்ளை 9 முதல் 12 வரையிலான வகுப்பில் பள்ளி மாறினால் ‘முந்தைய விளையாட்டுப் பங்கேற்பு’ என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பழைய பள்ளியும் அதில் தன் கருத்தைச் சொல்லும். விளையாட்டுக்காகத்தான் மாறினான் என்று அங்குள்ள குழு முடிவுசெய்தால் குறைந்தது ஓராண்டு பள்ளியின் முதல் அணியில் இறங்க முடியாது. ஃப்ளோரிடாவோ 2016இல் போட்ட சட்டத்தில் மாறிய உடனே ஆடலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. டல்லாஸில் இருக்கிற அத்தை மகன் சொன்ன விதியை இங்கே பொருத்திப் பார்த்துப் பதற வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம். அதே சமயம், ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையை வெயிலில் நின்று தயார் பண்ணிய கிராமத்துப் பள்ளி பி.இ.டி. ஆசிரியருக்கு நம் நடைமுறையில் ஒரு வார்த்தை சொல்லக்கூட இடமில்லை. இந்தச் சேவையின் பெரிய குறை அதுதான்.

அந்த ஆதங்கத்தில் சில பள்ளிகள் டி.சி.யை இழுத்தடிப்பதும் நடக்கிறது. அது கூடாது. எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: கேட்டதும் டி.சி. தர வேண்டும், டி.சி. தாமதம் என்று புதுப் பள்ளி சேர்க்க மறுக்கவும் கூடாது. கட்டண பாக்கியைக் காட்டி டி.சி.யைப் பிடித்துவைக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. விண்ணப்பம் கொடுக்கும்போது ஒரு நகலில் தேதியோடு பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்கிவையுங்கள், பேச்சு மாறினால் கையில் ஆதாரம் இருக்கும்.

கூப்பிடுகிற பள்ளியின் பேச்சையும் கொஞ்சம் நிறுத்துப் பார்க்க வேண்டும். “அண்ணாச்சி, டி.சி.ய மட்டும் வாங்கிட்டு வந்துருங்க, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்” என்பார்கள். அந்த ‘மத்ததெல்லாம்’ என்னவென்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்: எத்தனை வருடத்துக்கு, விடுதிக் கட்டணம் உண்டா, காயம் பட்டு ஆறு மாதம் ஆட முடியாமல் போனால் சலுகை தொடருமா. கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அங்கே சேர்ப்பதை யோசியுங்கள்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிக்குப் போகிறவர்களுக்கு வரிசை வேறு. 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர்க்கை. கோடையில் ஆன்லைன் விண்ணப்பம், பிறகு தேர்வுப் போட்டி. கோவில்பட்டி ஹாக்கி விடுதிக்கு ஆசைப்பட்டு, தேர்வுப் பட்டியல் வருமுன்பே டி.சி. வாங்கிவிடாதீர்கள். பெயர் வராமல் போனால் பிள்ளை காமன் பூலில் நிற்கும், பழைய பள்ளியில் இடமும் போயிருக்கும். முதலமைச்சர் கோப்பைக்குப் பதிவு ஆணையத்தின் தளத்தில் தனியாக நடக்கும். பள்ளிப் பிரிவுக்கு 12 முதல் 19 வயது. அதற்குப் போனஃபைட் சான்றிதழை (பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கிறது என்பதற்கான சான்று) புதுப் பள்ளியில் வாங்குங்கள், பழையது ஆகாது.

எங்கேயாவது முட்டிக்கொண்டால் முதலில் மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர். எமிஸ் கோளாறு என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. எமிஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், அது இல்லாமல் பேச்சு நகராது. அதிலும் ஆகவில்லை என்றால் நெல்லைக்காரர்களுக்குத் திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள் மனு. பெயர் அனுப்பும் கடைசித் தேதியை மனுவின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.