பந்தயக் கோடுகள்: பெயின்ட்டா, வினைல் ஸ்டிக்கரா?

1950களின் தொடக்கத்தில் பிரான்சின் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் ஓடிய கன்னிங்ஹாம் கார்களின் வெள்ளை உடலில் இருந்த நீலக் கோடுகளும், 1965இல் வந்த ஷெல்பி ஜிடி350 காரின் கோடுகளும் இன்றும் பலரை ஈர்க்கின்றன. அத்தகைய கோடுகளைக் காரில் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு.

பெயின்ட்டில் தீட்டிய கோட்டின் மேல் கிளியர் கோட் எனும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சை அடித்து மெருகேற்றிவிட்டால், விரலால் தடவினாலும் விளிம்பு தட்டுப்படாது. அந்த அழகுக்கு ஈடில்லை. ஆனால் மனம் மாறினால் அந்தப் பாகத்தையே தேய்த்து மீண்டும் பெயின்ட் அடிக்க வேண்டும்.

ஒட்டும் பிளாஸ்டிக் படலமான வினைலையோ மிதமாகச் சூடுபடுத்தி உரித்துவிடலாம். எனினும் எல்லா வினைலும் ஒன்றல்ல: உருளைகளுக்கிடையே அழுத்தித் தயாரிக்கப்படும் காலண்டர்டு வகை நாளடைவில் சுருங்கி ஓரங்களில் பசையைக் காட்டிவிடும், திரவமாக ஊற்றி உலர்த்தப்படும் காஸ்ட் வகையோ மெல்லியதாக இருப்பதால் பம்பர் வளைவுகளிலும் நன்கு படியும். பல ஆண்டுகள் வெயிலில் நின்ற காரில் எதை உரித்தாலும், மூடியிருந்த இடம் மட்டும் பழைய நிறத்தோடு தனித்துத் தெரியலாம் என்பதையும் மறக்கக்கூடாது; வெளிறும் இயல்புடைய சிவப்பில் இது கண்ணை உறுத்தும்.

விற்கும் எண்ணமே இல்லாத பழைய காருக்குப் பெயின்ட்டையும், அன்றாடம் ஓட்டும் காருக்குக் காஸ்ட் வினைலையுமே நான் பரிந்துரைப்பேன்.