முட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தட்டுங்கள்: யார்க் கஃபே ஒன்றில் பட்ட பாடு

இங்கிலாந்துக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களும், என்னைப் போல இங்கேயே இருந்துகொண்டு லீவுக்கு ஊர் ஊராகப் போகிறவர்களும் இதைப் படித்துவிட்டுப் போங்கள். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ வயசானவர்களோ இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

போன மாதம் யார்க் போயிருந்தோம். கடைத்தெருவில் ஒரு கஃபே. புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. மெனுவில் 'பாரம்பரிய பிரிட்டிஷ் காலை உணவு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. திறந்தவெளியில் மேயும் கோழி போட்ட, லயன் முத்திரை (ஓட்டில் சிங்கம் குத்திய) முட்டை அவித்தது, வெண்ணெய் தடவிய டோஸ்ட். இரண்டு முட்டைக்கு 11.50 பவுண்டு. சூப்பர் மார்க்கெட்டில் அரை டஜன் முட்டையே ஏறக்குறைய இரண்டு பவுண்டுதான். ஆனால் தங்கச்சிக்கு ஆறாவது மாதம், மஞ்சள் கரு ஒழுக ஒழுகச் சாப்பிடணும்னு ஆசைப்பட்டாள். லயன் முத்திரை என்று போட்டிருந்ததால்தான் உள்ளே நுழைந்தோம்.

அந்தச் சிங்கத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று கேட்பவர்களுக்கு: 1988 டிசம்பரில், சுகாதாரத் துறை இளநிலை அமைச்சராக இருந்த எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதியில் சால்மொனெல்லா என்ற, வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கிறது என்று சொல்லிவிட்டார். முட்டை வியாபாரம் படுத்தது, இரண்டு வாரத்தில் அவர் பதவியும் போனது. 1998-ல் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு, முட்டையில் சிவப்புச் சிங்கம் குத்தும் திட்டம் வந்தது. 2017 அக்டோபரில்தான் உணவுத் தர முகமை, லயன் முட்டை என்றால் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும் கரு இளகலாகவே சாப்பிடலாம் என்றது. மற்ற முட்டை என்றால் அவர்களுக்கு நன்றாக வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

முதல் முட்டை வந்தது. மேல்மூடியைத் தட்டி எடுத்தால் கல் மாதிரி வெந்து, மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம். வெள்ளைக் கருவில் உள்ள கந்தகமும் மஞ்சள் கருவில் உள்ள இரும்பும் சேர்ந்தால் வருவது அது. அளவுக்கு மீறி வேகவைத்ததற்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம். டோஸ்ட் ஆறிப் போய் விறைத்திருந்தது. தடவிய வெண்ணெய்க்குப் பதில் ஓரத்தில் குட்டி பிளாஸ்டிக் டப்பாவில் மார்ஜரின். திருப்பி அனுப்பினோம்.

இரண்டாவது முட்டையில் வெள்ளைக் கருவே வேகவில்லை. "அண்ணே, எனக்கு வேண்டாம்" என்று தங்கச்சி கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். அதைக் கிண்ணத்திலிருந்து தூக்கிப் பார்த்தேன். கிண்ணத்துக்குள் மறைந்திருந்த பக்கத்தில் முத்திரை. சிங்கத்தைக் காணோம். '3' என்று தொடங்கி, அடுத்து 'பி.எல்.'

முட்டை ஓட்டில் முதல் எண் கோழி வளர்ந்த விதம்: 0 இயற்கை முறைப் பண்ணை, 1 திறந்தவெளி, 2 கொட்டகை, 3 கூண்டு. அடுத்த எழுத்துகள் நாடு. பி.எல். என்றால் போலந்து. ஆக, மெனுவில் ஒரே வரியில் இரண்டு பொய். போலந்து முட்டை சாப்பிடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கூண்டுக் கோழி முட்டையைத் திறந்தவெளி விலைக்கு விற்று, அதையும் அரைகுறையாக வேகவைத்துக் கர்ப்பிணி முன்னால் வைக்கிறானே, அதுதான் வயிற்றெரிச்சல்.

மேனேஜரிடம் காட்டினேன். "சப்ளையர் மாற்றி அனுப்பிவிட்டார்" என்றார். அப்படியானால் மெனுவை ஏன் மாற்றவில்லை என்றதற்குப் பதில் இல்லை. பில்லில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் வேறு! கீழே பொடி எழுத்தில் 'விருப்பப்பட்டால்' என்று இருந்தது. அப்படிப் போட்டிருந்தால் கொடுக்க வேண்டியதில்லை, தயங்காமல் எடுக்கச் சொல்லுங்கள். முனகிக்கொண்டே எடுத்தார். ஆனால் முட்டைக் காசைத் திருப்பித் தரவில்லை. சொன்னதற்கு மாறான பொருளைக் கொடுத்தால் நுகர்வோர் உரிமைச் சட்டம், 2015 நம் பக்கம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தால், கடைக்காரர்களின் ஏமாற்று வேலையை விசாரிக்கும் உள்ளாட்சிப் பிரிவான டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குத் தகவல் அனுப்புவார்கள்; மெனு, பில், ஓட்டு முத்திரை மூன்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

வாசலில் ஒட்டியிருக்கும் சுகாதார மதிப்பெண்ணை நம்பி இந்த விஷயத்தில் ஏமாறாதீர்கள். அது சமையல்கட்டின் சுத்தத்தைச் சொல்லும். முட்டை எங்கிருந்து வந்தது என்று சொல்லாது.

மறுநாள் வீட்டில் நானே செய்து கொடுத்தேன். பெரிய முட்டை, ஃபிரிட்ஜிலிருந்து முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்தது. கொதிக்கிற தண்ணீரில் கரண்டியால் மெதுவாக இறக்கி, ஐந்து நிமிஷம். எடுத்ததும் மேல்மூடியை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டுக்குள்ளேயே வெந்துகொண்டிருக்கும். டோஸ்ட் சூடாக இருக்கும்போதே வெண்ணெயைத் தடவி, விரல் அகலத்துக்கு நறுக்கி, கருவில் முக்கித் தின்ன வேண்டியதுதான். அடுப்பு பற்றவைத்ததிலிருந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பண்ணையில் நேரடியாக வாங்கும் முட்டையில் முத்திரை இல்லாமலும் இருக்கலாம், அது மோசடி ஆகாது. ஆனால் கடைக்காரர் லயன் என்று சொல்லிக் கொடுத்தால் ஓட்டில் சிங்கம் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ஓட்டை உடைக்காமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள்.