இலவச மின்சார டோக்கன்: டர்பன் வீடுகளுக்கு எவ்வளவு தாங்கும்?

தென்னாப்பிரிக்க அரசு 2003இல் வகுத்த கொள்கையின்படி வறிய குடும்பங்களுக்கு மாதந்தோறும் 50 யூனிட் மின்சாரம் இலவசம். டர்பன் மாநகராட்சி தன் ஒதுக்கீட்டை 65 யூனிட்டாக வைத்திருக்கிறது. இந்திய வம்சாவளியினர் மிகுந்து வாழும் டர்பன் பகுதிகளான சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் முதியோர் உதவித்தொகையை நம்பிக் காலம் தள்ளும் நம்மவர் வீடுகளுக்கு இது பேருதவிதான். ஆனால் கொடுக்கும் அளவைவிடக் கொடுக்கும் முறையிலேயே இச்சேவையின் குறைகள் மிகுதி.

முதலில் நிறையைச் சொல்லிவிடுகிறேன். உதவி பணமாக அன்றி யூனிட்டாகத் தரப்படுவதால், அரசு மின்நிறுவனமான எஸ்காமின் கட்டணம் 2023இல் 18.65 விழுக்காடும் 2025இல் 12.74 விழுக்காடும் ஏறியபோதும் அதன் பயன் தேயவில்லை. குளிர்சாதனப் பெட்டிக்கு நாளொன்றுக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொண்டால், எஞ்சிய 35 யூனிட்டில் விளக்கு, தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவற்றை ஓட்டிவிடலாம். அடுப்பையும் கீசரையும் மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 150 லிட்டர் நீரை 40 பாகை சூடேற்றவே ஏறத்தாழ 7 யூனிட் செலவாகும் என்பதால், கீசரை அன்றாடம் போடும் வீட்டில் மாத ஒதுக்கீடு முழுவதும் பத்து நாளுக்குள் தீர்ந்துவிடும்.

குறை எங்கே என்றால், எஸ்காம் நேரடியாக மின்சாரம் வழங்கும் இடங்களில், அந்தந்த மாதத்துக்குள் கேட்டு வாங்காத இலவச யூனிட் அடுத்த மாதத்தோடு சேர்வதில்லை. டோக்கன் வாங்கக் கடைக்குப் போக முடியாத, டோக்கனில் உள்ள 20 இலக்க எண்ணை மீட்டரின் சிறு பொத்தான்களில் பிழையின்றி அழுத்த முடியாத முதியவரே இதனால் அதிகம் இழக்கிறார். 2024 நவம்பர் 24ஆம் தேதிக்குள் முன்பணம் கட்டி மின்சாரம் பெறும் எல்லா ப்ரீபெய்ட் மீட்டர்களையும் புதுப்பிக்க வேண்டியிருந்தபோது, இத்தகைய இரண்டு நீண்ட எண்களை அவர்கள் கூடுதலாக அழுத்த வேண்டி வந்தது. பேரப்பிள்ளைகள் அருகில் இல்லாதவர் என்ன செய்திருப்பார்?

இதைவிடப் பெரிய அநீதி, சலுகையை ஆளுக்கு அன்றி மீட்டருக்குக் கணக்கிடுவதுதான். மகன் குடும்பம் பின்கட்டு அறையில் வாழ, ஒரே மீட்டரில் எட்டுப் பேர் இருந்தாலும், தனியே வாழும் ஒருவருக்கு உள்ள அதே ஒதுக்கீடுதான். கேப்டவுனில் மாதப் பயன்பாடு 250 யூனிட்டைத் தாண்டினால் சலுகை 60இலிருந்து 25 யூனிட்டாகக் குறைகிறது. அங்கே கூட்டுக் குடும்பம் இருமுறை அடிபடுகிறது.

2000ஆம் ஆண்டையொட்டி இணைப்புத் துண்டிப்பை எதிர்த்துச் சாட்ஸ்வர்த் மக்கள் திரண்டபோது, எதிரே நிறுத்திக் கேள்வி கேட்க ஓர் அதிகாரியாவது இருந்தார். ப்ரீபெய்ட் வீட்டில் பணம் தீர்ந்தால் மின்சாரம் தானாகவே நின்றுவிடும். அது துண்டிப்பு என்று எந்தக் கணக்கிலும் ஏறாது.

தகுதி உள்ளவர்கள் தயங்காமல் பதிவு செய்து, மாதத்தின் முதல் கொள்முதலின்போதே இலவச டோக்கனையும் கேட்டு வாங்குவது நல்லது. நகராட்சிகளோ வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையைப் பதிவின்போதே கேட்டு, அதற்கேற்ப யூனிட்டை வழங்க வேண்டும்.