எல்எம்386-ஐச் சரிசெய்வதா, டிடிஏ2030-க்கு மாறுவதா?

டவுன்ஹால் ரோட்டில் பார்ட்ஸ் வாங்கி எல்எம்386 ஐசியில் சின்ன ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் சுற்று) கட்டிய தம்பி, வால்யூமைக் கூட்டினால் பாட்டு கரகரக்குது என்று வந்தான். "இதைவிடப் பலமான ஆம்ப் ஐசி டிடிஏ2030 போட்ருவமாண்ணே?"

பொறு. 386-இன் 1, 8 கால்களுக்கு நடுவே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருந்தால் பெருக்கம் 200 மடங்கு. போனிலிருந்து 0.1 வோல்ட் வந்தாலே 20 வோல்ட் கேட்கும். 9 வோல்ட் பேட்டரி எங்கே போகும்? அலையின் தலை வெட்டுப்படுகிறது, அதுதான் கரகரப்பு. அந்தக் கெப்பாசிட்டரைக் கழற்றினால் 20 மடங்குதான். சப்ளை வரும் 6-ம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 470 மைக்ரோஃபாரட் போட்டால், பேஸ் (கனத்த தாழ்ந்த ஒலி) அடிக்கும்போது பேட்டரி தொய்வதும் குறையும். (சின்னச் சதுர பேட்டரியை நான் நம்புவதே இல்லை.) வெளியீடான 5-ம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 ஓம், 0.047 மைக்ரோஃபாரட் தொடர் இணைப்பை மறந்திருந்தால் ஐசி தானாகவே அலைவுகளை உண்டாக்கும்.

டிடிஏ2030-இல் பலம் உண்டு: 4 ஓம் ஸ்பீக்கரில் 14 வாட் வரை. ஆனால் குறைந்தது 12 வோல்ட் சப்ளை, கனமான ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) வேண்டும். உள்ளீடு மிஞ்சினால் இதுவும் வெட்டும்.

மொட்டைமாடிப் பொங்கல் பாட்டுக்கு 2030. அறைக்குள் கேட்க 386 போதும். தம்பி கெப்பாசிட்டரைக் கழற்றினான். கரகரப்பு போச்சு, சத்தமும் கொஞ்சம் போச்சு.